காலடி கேட்கும் தெரு

வெம்பிளி, லண்டன்
13.03.1994

அன்புத் தம்பி குகன்,

நீயும் உன் வசந்தமலரும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். உன் புதுவருட அட்டை கிடைத்தது. வழமைபோலக் கையெழுத்து மட்டும். ஏழு வருடமாக வருடத்துக்கு ஓர் அட்டை. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

மே மாதம் நான் இத்தாலிக்குப் போகிறேன். என்னோடு நூலகத்தில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பியற்றிசும், பக்கத்து வீட்டு மதராஸ்காரி ராஜலட்சுமியும் வருகிறார்கள். பஸ் சுற்றுலா வேண்டாம், ஒரே ஊரை நடந்து பார்ப்போம் என்று தீர்மானித்தோம். ஊரைத் தெரிவு செய்தது பியற்றிஸ். பொலோனியா.

கனடாவுக்குப் போகும் வழியில் கள்ளப் பாதையில் ஆள் அனுப்பும் ஏஜென்ட் உன்னை ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், பூட்டி வைத்திருந்த ஊர். அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் போகவும் மனமில்லை. போகட்டுமா?

அன்புடன் அக்கா,
தவமலர்


ஸ்காபரோ
04.04.1994

அன்புள்ள அக்கா,

போய் வாருங்கள். ஊர் என்ன பாவம் செய்தது?

ஆனால் நான் இருந்த வீட்டைத் தேட வேண்டாம். எண்பத்தேழில் தொலைபேசியில் உங்களுக்கு மட்டும்தான் அந்தக் கதையைச் சொன்னேன். மூன்றாம் மாடி அறை. பகல் முழுக்கச் சன்னலுக்குக் கீழே காலடிச் சத்தம். ஒருவர் தடி ஊன்றி நடப்பார். ஒரு பெண்ணின் குதி உயர்ந்த சப்பாத்து டக் டக் என்னும். மத்தியானம் ஒரு பிள்ளை ஓடிவரும். சன்னல் பலகை இடுக்கால் பார்த்தால் தெருவில் ஓர் ஈ காக்கை இல்லை. எதிரே கோயில் மதில், அதில் வெயில், அவ்வளவுதான்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகமா? "தனிய இருந்து உனக்கு மனம் பிசகிப்போச்சு. டொக்டரிட்டைக் காட்டு." காட்டினேன். குளிசை தந்தார். இன்றைக்கும் வெளியே சத்தம் கேட்டால் எழும்பிப் போய் உண்மையாக ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறேன். வசந்தமலர் கேட்டால், தபால்காரனோ என்று பார்த்ததாகச் சொல்வேன்.

நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடவுங்கள்.

தம்பி,
குகதாசன்


பொலோனியா
18.05.1994

அன்புத் தம்பி,

நான் வீட்டைத் தேடவில்லை. இதை முதலில் நம்பு.

மூன்று நாளாக நடக்கிறோம். சாய்ந்து நிற்கும் இரண்டு கோபுரங்களைப் பார்த்தோம். மலை மேல் மாதா கோயிலுக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட வளைவுகளின் கீழே ஏறினோம். பியற்றிஸ் செபமாலை சொல்ல, ராஜலட்சுமி வளைவுகளை எண்ண, இரண்டு பேருக்கும் பாதியில் கணக்குத் தப்பிவிட்டது. கடைதோறும் பன்றித் தொடை தொங்குகிறது. ராஜலட்சுமி மூக்கைப் பொத்திக்கொண்டு தக்காளியும் பேக்கரிப் பாணுமாகச் சீவிக்கிறாள். நேற்று நல்ல மழை. அவள் குடையை விமானத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள், ஆனாலும் ஒரு துளி படவில்லை. இந்த ஊர் வீடுகள் கீழ்த்தளத்தைத் தெருவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தூண்களின் மேல் நிற்கின்றன. நடைபாதை வீட்டுக்கு அடியிலேயே போகிறது.

இன்று மத்தியானம் எனக்குக் கால் வீங்கிவிட்டது. அவர்கள் பழம் வாங்கப் போனார்கள், நான் அறையில் படுத்திருந்தேன். எங்கள் அறையும் மூன்றாம் மாடிதான். சற்று நேரத்தில் கீழே பியற்றிசின் சிரிப்பும் செருப்புச் சத்தமும் கேட்டன. சன்னலால் எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை. எதிரே ஒரு வெறுஞ்சுவர்.

"பியற்றிஸ், எங்கை நிக்கிறீர்?" என்று கத்தினேன்.

"உம்மடை காலுக்குக் கீழை!" என்றாள்.

குகன், உன் மூன்றாம் மாடி அறை ஞாபகம் வந்தது. "அந்த மூலைவரைக்கும் நடந்துபோட்டுத் திரும்பி வாங்கோ" என்றேன்.

"என்னங்க தவம், எங்களை டிரில் வாங்குறீங்களா?" என்றாள் ராஜலட்சுமி. ஆனாலும் நடந்தார்கள். மூன்று தரம். ஒவ்வொரு அடியும் கேட்டது. வீட்டுக்கு அடியில் நடந்ததால் ஆள் தெரியவே இல்லை.

உன் தெருவில் ஆட்கள் இருந்தார்கள், தம்பி. உனக்கு ஒன்றும் பிசகவில்லை. நம்பாதது நான்தான். நீ தனியாக இருந்ததை விட, சொல்லியும் ஒருவர் நம்பாமல் இருந்தது பெரிய தனிமை என்று இப்போது விளங்குகிறது. என்னை மன்னி. பியற்றிஸ் தோடம்பழம் உரித்துத் தந்துகொண்டு ஏன் அழுகிறாய் என்கிறாள். இன்னும் சொல்லவில்லை.

அக்கா


ஸ்காபரோ
07.06.1994

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை பஸ் தரிப்பில் நின்று படித்தேன். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். வீட்டுக்குப் போய் வசந்தமலருக்கு முழுக் கதையையும் சொன்னேன். "அப்ப தபால்காரன் எண்டதெல்லாம் புளுகே?" என்று கேட்டுவிட்டு, பிறகு நெடுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிள்ளை உண்மையில் இருந்திருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்திருக்கும். அப்போது ஏழு வயது என்றால் இப்போது பதினான்கு. ஆணோ பெண்ணோ தெரியாது. தடிக்காரர் இன்னும் இருக்கிறாரோ என்னவோ.

மன்னிப்பென்று இனி எழுத வேண்டாம். செப்டெம்பரில் எனக்கு இரண்டு கிழமை லீவு. மலரோடு வெம்பிளிக்கு வருகிறேன். அங்கிருந்து எல்லோருமாகப் பொலோனியா போவோம். பியற்றிஸ் அக்காவும் ராஜலட்சுமி அக்காவும் கட்டாயம் வர வேண்டும். என்னிடம் குதியில் இரும்பு அடித்த பழைய சப்பாத்து ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு அந்த வளைவுகளின் கீழே தமிழில் பலமாகக் கதைத்தபடி நடக்கப் போகிறேன்.

மேலே எவனாவது பூட்டிக் கிடந்தால் அவனுக்குக் கேட்கட்டும்.

உங்கள் தம்பி,
குகன்