புதுப் படகுக்கு வாசித்த கடைசிப் பாட்டு

நியூலின்
9 மார்ச் 1994

ஹெட்லி அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை என் புதுப் படகைக் கடலில் இறக்கியபோது உன் குழுவை வாசிக்கக் கூப்பிட்டது நான்தான். பழைய பாய்க்கப்பல் பாட்டுகளைக் குரல் இல்லாமல் வாத்தியங்களிலேயே பாட வைப்பதில் உங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று துறைமுகம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டேன். நங்கூரம் தூக்கும் பாட்டு வாசித்தீர்கள், பாய் ஏற்றும் பாட்டு வாசித்தீர்கள், சந்தோஷம். கடைசியில் வாசித்தாயே, அது என்ன? பயணம் முடிந்து, கப்பலைக் கரையில் கட்டிவிட்டு, உள்ளே கசிந்த கடைசித் தண்ணீரை இறைக்கும்போது மட்டும் மாலுமிகள் பாடுவது. புழுத்த ரொட்டியையும் அடித்த கேப்டனையும் ஆசைதீரத் திட்டி, இந்தக் கப்பல் இனி வேண்டாம், இறங்குவோம் என்று பாடுவார்கள். நடுக்கடலில் பாடினால் அதற்குப் பெயர் கலகம். அதைப் போய் இன்னும் ஒரு மீன்கூடப் பிடிக்காத படகுக்கு வாசித்தாய்.

திங்கள் காலை ஒரு ஆளும் வேலைக்கு வரவில்லை. எஞ்சின் பார்க்கும் ஜேபஸ் வீட்டுக்கே போய்க் கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உன் மேல ஒண்ணும் இல்லம்மா. ஊர் முன்னாடி இறங்கச் சொல்லி வாசிச்சாச்சு. அப்புறம் எப்படி ஏறுறது?"

சீசன் இப்போதுதான் தொடங்குகிறது. படகு கரையிலேயே கிடந்தால் என் பிழைப்பு போச்சு. இங்கே வந்து, தப்பாக வாசித்துவிட்டேன் என்று அவர்களிடம் சொல்.

கெரென்சா

ட்ரூரோ
12 மார்ச்

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தில் சூடு பறக்கிறது. வார்த்தையே இல்லாத இசை யாரை என்ன செய்துவிடும்? அந்த மெட்டுக்குத்தான் அன்றைக்குக் கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. நல்ல மெட்டு என்று சேர்த்தேன். அதற்கு மன்னிப்புக் கேள் என்றால் ஒரு கலைஞனுக்கு எப்படி இருக்கும்?

நான் சொல்வதைக் கேள். ஆள் கிடைக்காவிட்டால் படகை விற்றுவிடு, புதுப் படகு, நல்ல விலை போகும். இங்கே வந்து எங்களோடு இரு. பின்னறையை உன் அண்ணி சுத்தம் செய்து வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
ஹெட்லி

நியூலின்
15 மார்ச்

அண்ணனுக்கு,

இன்னும் ஆள் யாரும் வரவில்லை, அதற்குள் என் படகுக்கு விலை பேசுகிறாய். பின்னறை வேறு தயார். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அப்பாவின் படகில் நீ அந்த மெட்டை வாய்க்குள் முணுமுணுத்ததற்கே அவர் கன்னத்தில் அறைந்தார். நான் பக்கத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அதை எப்போது பாடலாம், எப்போது கூடாது என்பது உனக்குத் தெரியாதா? ஊரிடம் வேண்டுமானால் அந்தக் கதையைச் சொல், என்னிடம் வேண்டாம்.

வேண்டுமென்றேதானே வாசித்தாய்? ஆம் அல்லது இல்லை, எழுது.

கெரென்சா

ட்ரூரோ
18 மார்ச்

கெரென்சா,

ஆம்.

அப்பாவைக் கடலிலிருந்து கொண்டுவந்தபோது அடையாளம் காட்டப் போனவன் நான். உன்னை உள்ளே விடவில்லை. அவரைக் கிடத்தியிருந்த அந்த மேசையில் உன்னைப் பார்க்க என்னால் முடியாது. நான் சொன்னால் நீ கேட்க மாட்டாய். உன் ஆட்கள் கேட்பார்கள் என்று தெரியும்.

ஹெட்லி

நியூலின்
21 மார்ச்

ஹெட்லிக்கு,

நேற்று ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, நீ ஏன் அதை வாசித்தாய் என்று ஒளிக்காமல் சொன்னேன். ஜேபஸ் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். "அப்ப அது பாட்டே இல்ல. அண்ணன் தங்கச்சி சண்டை. அதுக்கெல்லாம் நாங்க எறங்க மாட்டோம்" என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை விடிந்ததும் கிளம்புகிறோம்.

நீ பயந்தது தப்பில்லை. எனக்கும் பயம்தான், ஒவ்வொரு முறையும். ஆனால் உன் பயத்தை என்னிடம் சொல்லாமல் என் ஆட்களிடம் குழல் ஊதிச் சொன்னாய். நான் கட்டிய படகின் முன்னால், என் காசில் கறி அடைத்த பாஸ்டி சாப்பிட்டுவிட்டு, என் ஆட்களை என்னிடமிருந்து பிரிக்கப் பார்த்தாய். அதை என்னால் விழுங்க முடியவில்லை.

நாங்கள் திரும்பி வரும்போது துறைமுகத்தில் நில். குழு வேண்டாம், குழல் வேண்டாம், தனியாக வா. போகாதே என்று என் முகத்தைப் பார்த்துச் சொல். நான் போவேன் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எழுதாதே.

கெரென்சா