நான்கு சொற்களுக்கு அர்த்தம்

மார்ச் 4

தங்கைக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. மூன்று வருடமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால் காரியம் இருக்கிறது.

இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. ஏதோ பல் உரசுகிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டு மாதக்கணக்கில் விட்டுவிட்டேன். பல் சுத்தம் செய்யப் போன இடத்தில் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு துணுக்கை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அறிக்கை வந்துவிட்டது. அவர் படபடவென்று விளக்கினார், நானும் புரிந்தவள் போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். இருபது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவளுக்கு இந்த ஒரு பக்கத்தில் நான்கு சொல் விளங்கவில்லை. லூக்கோபிளேக்கியா. பயாப்ஸி. மாடரேட் டிஸ்பிளேசியா. எக்சிஷன்.

பல் மருத்துவமனையில் வேலை செய்கிறவள் நீ. அர்த்தம் எழுது. போன் வேண்டாம். உன் குரலைக் கேட்டு ஒருமுறை ஏமாந்தது போதும். அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பாலியேட்டிவ் கேர்' என்று போட்டிருக்கிறதே, என்னடி அது என்று கேட்டேன். "ஸ்பெஷலா கவனிச்சுக்குவாங்கக்கா, நீ வேலைய முடிச்சிட்டே வா" என்றாய். பாடப்புத்தக வேலையை முடித்துவிட்டு வந்தேன். பதினைந்து நாள் கழித்து. கட்டிலில் விரிப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

இந்த முறை உள்ளதை உள்ளபடி எழுது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கவே கை வரவில்லை. மருத்துவமனையில் கருவிகள் கழுவும் அறைக்குள் போய்த்தான் படித்தேன்.

லூக்கோபிளேக்கியா: தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. வேறு காரணம் எதுவும் பிடிபடாதபோது இந்தப் பெயரை வைப்பார்கள். பயாப்ஸி: உன் கன்னத்தில் துணுக்கு எடுத்துச் சோதித்தார்களே, அதுதான். எக்சிஷன்: அந்த இடத்தைச் சுற்றி நல்ல சதையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுப்பது.

மாடரேட் டிஸ்பிளேசியா: இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். செல்கள் தங்கள் ஒழுங்கை விட்டு மாற ஆரம்பித்துவிட்டன. மாடரேட் என்றால் நடுத்தரம், ஆரம்பமும் இல்லை, முற்றியதும் இல்லை. இது புற்றுநோய் இல்லை அக்கா. ஆனால் விட்டால் அப்படி ஆகக்கூடும். ஆகுமா ஆகாதா என்று எனக்குத் தெரியாது. உன் டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தள்ளிப் போடாதே.

கேட்காத ஒன்றுக்கும் அர்த்தம் எழுதுகிறேன். பாலியேட்டிவ் கேர் என்றால் வலியையும் அவஸ்தையையும் குறைக்கிற கவனிப்பு. அப்பா விஷயத்தில், இனி குணப்படுத்த வழியில்லை என்பதும் அதில் சேர்த்தி. எனக்கு அன்றைக்கே தெரியும். அவர்தான் மறைக்கச் சொன்னார் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவர் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

லீவு போட்டுக்கொண்டு வரட்டுமா?

தங்கை


மார்ச் 15

தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. டாக்டரிடம் எடுத்துப் போய்ப் படித்துக் காட்டினேன். "யாரு எழுதினது? என்னைவிட நல்லா சொல்லியிருக்காங்களே" என்றார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2 அன்று அறுவை. நீ வர வேண்டாம். அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்கிற ஒரு அம்மாள் துணைக்கு வருகிறார். கடைசிப் பத்தியைப் படித்த பிறகு உன்மேல் கோபம் குறைந்ததா கூடியதா என்று எனக்கே பிடிபடவில்லை. அந்த நிலையில் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

சரி, வரவில்லை.

நாலு நாளைக்குச் சூடாக எதுவும் வாயில் படக்கூடாது. இடது பக்கம் மெல்லாதே. பழக்கம்தானே என்று பென்சில் முனையைக் கடித்துக்கொண்டு உட்காராதே. வெட்டி எடுத்ததை மறுபடி சோதிப்பார்கள். 'மார்ஜின் கிளியர்' என்று வந்தால் ஓரம்வரை சுத்தம், மாறிய செல் எதுவும் விடுபடவில்லை என்று அர்த்தம். அப்படி வந்தாலும் பிற்பாடு திட்டு திரும்ப வரலாம், அவ்வப்போது போய்க் காட்ட வேண்டியிருக்கும். வேறு மாதிரி வந்தாலும் எனக்கு எழுது. அப்போதும் உண்மையைத்தான் எழுதுவேன்.

தங்கை


ஏப்ரல் 9

அடி சுண்டெலி,

அறுவை முடிந்தது. துணைக்கு வந்த அம்மாள் நல்ல மனுஷி. ஆனால் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது ஜன்னல் பக்கம் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தது நிழலாகத் தெரிந்தது. நீதான் என்று நினைத்துக் கையை நீட்டிவிட்டேன். "யாரைத் தேடுறீங்க?" என்று அவர் கேட்டார். வாயில் பஞ்சு இருந்ததால் பிழைத்தேன்.

இன்று அறிக்கை வந்தது. மார்ஜின் கிளியர். இரண்டு முறை எழுத்துக் கூட்டிப் பார்த்தேன், பிழை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டுமாம், திரும்ப வரவும் செய்யுமாம். நீ எழுதியிருந்ததால் அதைக் கேட்டு நான் ஆடிப்போகவில்லை.

உன்னை ஒருநாளும் சொல்ல விடாத ஒன்று இருக்கிறது. அப்பாவின் அந்தப் பதினைந்து நாள். நீ ஆரம்பித்தபோதெல்லாம் எழுந்து போனேன். எத்தனை நாள் சாப்பிட்டார், எப்போது நிறுத்தினார், என்னைக் கேட்டாரா, கேட்டபோது நீ என்ன சொன்னாய், எல்லாம் எனக்கு வேண்டும். அதையெல்லாம் நீ ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் புறப்பட்டு வா. ஒன்று விடாமல் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன். வாயில் ஆறு தையல் இருக்கிறது.

உன் அக்கா