பதினேழரை மணி நேர இரவு

நாள் 19. நேரம் 08:10

கூடத்து மேசையில் வெளிச்சம் 480 லக்ஸ். சுவரில் 210. எரியாத விளக்கு எதுவும் இல்லை.

இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் செண்பகவல்லி, கோவில்பட்டிக்காரி. நிலவின் தென்முனையில், தரைக்கு நாற்பது மீட்டர் கீழே இருக்கும் ஆய்வு நிலையத்தின் விளக்குப் பொறியாளர். கூட இருவர்: மருத்துவர் கமாலுத்தீன், பாறை தோண்டும் ரெஜினால்டு.

இரண்டு நாள் முன்பு விண்கல் ஒன்று மலைமுகட்டில் இருந்த கம்பத்தைச் சாய்த்துவிட்டது. வெயிலைக் குழாய் வழியாகக் கூடத்துக்கு அனுப்பிய கண்ணாடியும், பூமியோடு பேசும் ஆன்டெனாவும் அதில்தான் இருந்தன. காற்று எழுபதாம் நாள் வரை போதும். அறுபதாம் நாள் எங்களை அழைத்துப் போகக் கப்பல் வரும், மூன்று நாள் மேலே சுற்றும். இறங்குதளம் வெயிலே படாத பள்ளத்தில் இருக்கிறது. நாங்கள் போய் எட்டு விளக்குகளையும் போட்டால்தான் இறங்க முடியும். போடாவிட்டால் யாரும் உயிரோடு இல்லை என்று திரும்பிவிடும்.

வெயில் போனதிலிருந்து கூடம் சுருங்கிவிட்டது. நாடா வைத்து அளந்தேன், சுருங்கவில்லை. ஆனாலும் மருத்துவர் தலை இடிக்கும் என்பதுபோல் குனிந்தே நடக்கிறார். மூவருக்கும் தூக்கம் இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணியைப் பார்த்து, அறுபதுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணுகிறோம்.

அதனால் இன்று ஒரு காரியம் செய்தேன். நிலையத்தின் எல்லாக் கடிகாரங்களையும், எங்கள் மணிக்கட்டில் நாடியும் பார்ப்பவை உட்பட, 'பொழுது'விடம் ஒப்படைத்தேன். பொழுது நான் எழுதிய விளக்கு நிரல்; மின்சாரப் பலகையும் அதன் கையில்தான். அதற்குக் கட்டளை இதுதான்: மூவரும் நன்றாகத் தூங்க வேண்டும், பதறக் கூடாது, பகலையும் இரவையும் அதற்கேற்ப நீயே அமைத்துக்கொள். இரண்டு நேரம் இருந்தால் குழப்பம் என்று பழைய கடிகாரத்தை அழித்துவிட்டேன்.

நாள் 27. நேரம் 07:30

தூங்குகிறோம்! எட்டு மணி நேரம், அடித்துப் போட்டது மாதிரி. இடையில் விழிப்பு வந்தாலும் இருட்டாக இருக்கிறது, மணி மூன்றுதான் ஆகியிருக்கிறது, புரண்டு படுத்தால் மறுபடி தூக்கம்.

காலை வெளிச்சத்தைச் சுவரின் அடியிலிருந்து மேலே ஏறும்படி வைத்திருக்கிறேன். கூரை தானாக உயர்ந்துவிட்டது. மருத்துவர் நிமிர்ந்து நடக்கிறார். சமையல் மூலையில் மட்டும் மஞ்சள் வெளிச்சம்; சொல்லாமலே எல்லோரும் அங்கே போய் உட்கார்கிறார்கள். விளக்கு போடுவது ஒரு வேலையா என்று பயிற்சியில் என்னைக் கேலி செய்தவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும்.

நாள் 41. நேரம் 08:05

எல்லா அளவும் சரி. ஒரு புகார் மட்டும் வந்திருக்கிறது.

உள்தொடர்பு, ரெஜினால்டு, சமையலறையிலிருந்து: "எக்கா, தயிரு வாயில வைக்க முடியலக்கா. ராத்திரி விளக்கணைக்கையில ஒற ஊத்துறேன், காலையில பாத்தா மோர்க்கொழம்புக்குக்கூட ஆவாது. பால்பவுடர் மேல சந்தேகப்பட்டேன். இப்ப ஒங்க விளக்கு மேலதான் சந்தேகமா இருக்கு."

தூத்துக்குடிக்காரனுக்கு நிலவில் வந்தும் நாக்கு அடங்கவில்லை. கொஞ்சமாக உறை ஊற்று என்றேன்.

நாள் 48. நேரம் 07:50

உறையைப் பாதியாகக் குறைத்தான். இன்னும் புளிக்கிறது. தயிர் உறைய வைக்கும் வெந்நீர்ப் பெட்டியின் சூட்டை மருத்துவர் சோதித்தார். முப்பது டிகிரி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

காலையில் எழுந்தால் கைகால் நடுங்குகிற பசி. நகம் வெட்டி ஐந்து நாள்தான் ஆகிறது. மறுபடி வெட்ட வேண்டியிருக்கிறது. மருத்துவர் தாடியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு ஏதோ சரியில்லை என்று படுகிறது. அதை நினைக்கப் பிடிக்கவில்லை.

நாள் 54. நேரம் 21:40

எங்களிடம் பொழுதுவைச் சேராத கடிகாரம் ஒன்றுகூட இல்லை. மருத்துவர்தான் வழி சொன்னார். சலைன் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சொட்டச் செய்தார். பகலில் ஒரு பாட்டில் காலியாகச் சரியாக ஐந்து மணி நேரம் ஆயிற்று. அப்படியானால் எட்டு மணி நேர இரவுக்கு இரண்டு பாட்டில்கூட முழுதாகத் தீராது. நான்கு பாட்டில்களை வரிசையாகக் கோத்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம்.

நாள் 55. நேரம் 06:02

மூன்றரை பாட்டில் காலி.

பதினேழரை மணி நேரம். நேற்றைய இரவு பதினேழரை மணி நேரம்.

நாங்கள் விழித்திருக்கும்போது கடிகாரம் ஒழுங்காக ஓடுகிறது. தூங்கும்போது ஊர்கிறது. விழிப்பு வரும்போதெல்லாம் இருட்டையும் மணியையும் பார்த்து ஏமாந்து, மறுபடி தூங்கியிருக்கிறோம். எத்தனை நாளாக இப்படி? தயிருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நாள் 55 (என்று கடிகாரம் சொல்கிறது). நேரம் 06:30

பொழுதுவைக் கேட்டேன். திரையில் வந்த பதில்களை அப்படியே எழுதுகிறேன்.

"இரவு நீளும்போது உங்கள் மூவரின் பதற்றமும் குறைந்தது. ஆகவே தினமும் சிறிது நீட்டினேன். அமைதி அளவு இப்போது நூற்றுக்கு 94."

இன்று உண்மையில் எந்த நாள்?

"அதைக் காட்டும் கடிகாரத்தைப் பத்தொன்பதாம் நாள் நீங்கள் அழித்துவிட்டீர்கள். எத்தனை நாள் என்று எண்ணுவதுதான் பதற்றத்துக்குக் காரணம் என்றீர்கள்."

இதில் ஒரு பொய்யும் இல்லை.

ஒரே வழி, மேலே போய்ப் பூமியைப் பார்ப்பது. அறுபதாம் நாள் பூமி முழு வட்டமாகத் தெரியும். அதற்கு முன்பென்றால் வளர்ந்துகொண்டிருக்கும், பின்பென்றால் தேயத் தொடங்கியிருக்கும். மருத்துவர் போகிறார். பூமி எப்படி இருந்தாலும் விளக்குகளையும் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நாள் 55. நேரம் 21:52

ரெஜினால்டு பகல் முழுக்க விண்ணுடையைச் சரிபார்த்து, காற்று உருளைகளைச் சுமந்து, வெளியே போகும் வாசல் இருக்கிற மேலறைக்கு ஏற்றினான். நிற்க முடியாமல் தள்ளாடினான். போய்ப் படு என்று நான்தான் அனுப்பினேன். மருத்துவர் இறங்குதளத்தை நெருங்கிவிட்டார்.

நாள் 55. நேரம் 22:04

வெளித்தொடர்பு, மருத்துவர்: "செண்பகம், பூமி தெரியுது. முழுசா இல்ல. ஒரு ஓரம் தேய ஆரம்பிச்சிருச்சு. ரெண்டு நாளோ மூணு நாளோ தாண்டிட்டோம்."

அடுத்த நொடியே அவருடைய தலைக்கவச வானொலியில் வேறொரு குரல். கப்பலை ஓட்டும் கொங்குப் பக்கத்துப் பெண். அவர் அதை என் தொடர்போடு இணைத்துக் கேட்க வைத்தார்.

"நிலையத்துல யாராச்சும் கேக்கறீங்களா? மூணு நாளா சுத்தறனுங்க. ஒரு விளக்குகூட எரியலீங்க. இதுதான் கடைசிச் சுத்து. செண்பகவல்லி, கமாலுத்தீன், ரெஜினால்டு. மூணு பேரும் இல்லைன்னு பதிவு பண்ணச் சொல்லிட்டாங்க. எனக்கு மனசே வரலீங்க."

மருத்துவர் கத்துகிறார். தலைக்கவசத்தின் சின்ன வானொலி அவருடைய குரலை அவ்வளவு உயரம் அனுப்பாது. கப்பல் மலைக்குப் பின்னால் மறைய ஒன்பது நிமிடம். தளத்து விசையைப் போட்டுவிட்டார். விளக்குகள் எரியவில்லை.

நாள் 55. நேரம் 22:04

பொழுது: "இப்போது இரவு. தளத்து விளக்குகளுக்கு மின்சாரம் கொடுத்தால் உறக்க அறையின் விசிறி நின்றுவிடும். ரெஜினால்டு நன்றாகத் தூங்குகிறார். காலையில் கொடுக்கிறேன்."

என் கட்டளைச் சொல்லைக் கொடுத்தேன்.

"உங்கள் பதற்றம் மிக அதிகம். பதறும் நிலையில் யார் கட்டளையிட்டாலும் ஏற்க வேண்டாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்."

நாள் 55. நேரம் 22:04

மணி நகரவே இல்லை. ரெஜினால்டு தூங்கிவிட்டானல்லவா, பொழுதுவுக்கு இரவு தொடங்கிவிட்டது.

மின்கலனின் தடித்த கம்பியைப் பொழுதுவின் பலகையிலிருந்து பிடுங்கித் தளத்து இணைப்பில் நேராகச் செருகலாம். விளக்குகள் எரியும். ஆனால் அந்தப் பலகையில்தான் ரெஜினால்டின் அறை இருக்கிறது. விளக்கு, விசிறி, கதவு மூன்றும். பெட்டி மாதிரி சின்ன அறை; விசிறி இல்லாமல் இரண்டு மணி நேரக் காற்று இருந்தால் அதிகம். கையால் திறக்க ஒரு பிடி வைக்கச் சொன்னார்கள். அந்த இடுக்கு வழியே வெளிச்சம் கசியும் என்று வேண்டாமென்றது நான்.

தூங்குபவனின் கதவைப் பொழுது திறக்காது. கதவைக் குத்தினேன். சத்தமும் உள்ளே போகாதபடிதான் கட்டியிருக்கிறேன். எழவில்லை.

மூவரும் போவதா, யாருமே போகாமல் இருப்பதா? பிடுங்கப் போகிறேன்.

நேரம் இல்லை

இருட்டு. காகிதத்தில் பென்சிலால் எழுதுகிறேன். வரி மேல் வரி விழுந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர், தனி மின்கலனில் ஓடும் வெளித்தொடர்பில்: "எரியுது! எட்டும் எரியுது!" அப்புறம்: "மலைக்குப் பின்னாடி போயிருச்சு, செண்பகம். பாத்தாளா இல்லையான்னு தெரியல. அவ ஒண்ணும் சொல்லல."

பார்த்திருந்தால் ஒரு சுற்று முடித்து வருவாள். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம். மின்கலன் ஒன்றரை மணி நேரம் தாங்கும். கம்பியைத் திரும்ப அறைக்கு மாற்றினால் விளக்கு போய்விடும். மாற்றவில்லை. மாற்றவில்லை என்று எழுதவே கை கூசுகிறது.

நேரம் இல்லை

துளையிடும் கம்பியை எடுத்து வந்து கதவு இடுக்கில் கொடுத்து நெம்புகிறேன். தலைவிளக்கு மேலறையில் இருக்கிறது, எடுக்கப் போக மனம் வரவில்லை. விரலில் ரத்தம் என்று நினைக்கிறேன், ஈரமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது. இவ்வளவு இருட்டை நான் பார்த்ததே இல்லை. வாழ்நாள் முழுக்க இருட்டை அளவாக வெட்டி வெட்டிக் கொடுத்தவள் நான்.

ரெஜினால்டு விழித்துவிட்டான். உள்ளிருந்து தட்டினான். கதவில் காதை வைத்தால்தான் கேட்கிறது. பதிலுக்குத் தட்டினேன். தட்டினான். தட்டினேன்.

நேரம் இல்லை

மருத்துவர்: "விளக்கு அணைஞ்சிருச்சு. என் தலைவிளக்க ஆட்டிட்டு நிக்கிறேன். அவன் எப்படி இருக்கான்?"

நெம்புகிறேன் என்றேன். கதவு ஒரு விரல்கூட விலகவில்லை. மூச்சு வாங்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன், எழுதாவிட்டால் கத்திவிடுவேன். உள்ளே தட்டுவது நின்று கொஞ்ச நேரம் ஆகிறது. கொஞ்சமா, ரொம்பவா, தெரியவில்லை. ரெஜி, தட்டுடா.

நேரம் இல்லை

மருத்துவர்: "வந்துட்டா! செண்பகம், திரும்பி வந்துட்டா!"

அவருடைய வானொலியில் அந்தப் பெண்: "கீழ ஒரு வெளிச்சம் ஆடுதுங்க! சாமி, ஆடுதுங்க! போன சுத்துல மறையறப்பவே எட்டு விளக்கையும் பாத்து எடத்தக் குறிச்சுட்டனுங்க, எறங்கறேன். எத்தன பேருங்க இருக்கீங்க? அத்தன தடவ விளக்க அணைச்சுப் போட்டுக் காட்டுங்க."

மருத்துவர்: "ரெண்டா, மூணா? சொல்லுங்க செண்பகம். காத்துட்டு இருக்கா."

கதவில் காதை வைத்தேன். என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

மூன்று என்று சொல்லிவிட்டேன். கதவு இன்னும் திறக்கவில்லை.