அண்ணனின் கிருமி

முள்ளிப்பட்டு,
3.10.2023

பிரியமுள்ள லிடியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் நிலாவும் சுகம். உங்க அண்ணனுக்குத்தான் சுகமில்லை. போனில் சொல்லலாமே என்பாய். நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகினு, "அவ டெல்லியில ஆராய்ச்சி பண்ணிகினு இருக்கா, அவளைப் போய் பேஜார் பண்ணாத" என்று போனைப் பிடுங்கிவிடுகிறார். அதனால் சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து, பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு இதை எழுதுகிறேன்.

ஏரிக்கரை நிலத்தில் நடவு முடிந்த கையோடு காய்ச்சல் வந்தது. மாசம் ஒன்று ஆகப்போகிறது. சாயங்காலமானால் உடம்பு உதறுகிறது, இருமல் விடவில்லை, சர்க்கரையும் ஏறிப்போச்சு. ஆரணியில் ஒரு நர்சிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, டி.பி. போலிருக்கிறது என்று மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். ரத்தத்தை எடுத்து வளர வைத்துப் பார்த்ததில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்ததாம். "அது வெளியிலருந்து ஒட்டிகினு வந்ததும்மா, அதைக் கண்டுக்காதீங்க" என்று லேபில் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. வேலூருக்குக் கூட்டிப் போகலாம் என்றால், "அதே மாத்திரையைத்தான் அங்கயும் தருவாங்க" என்கிறார். நீ ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். நீ இதற்கென்றே படித்தவள். உடனே பதில் போடு.

உன் அண்ணி,
அமுதா


டெல்லி,
12.10.2023

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஒடிசாவில் இருந்தேன். நேற்றுதான் திரும்பினேன். தாமதத்துக்கு மன்னித்துவிடுங்கள்.

பயப்படாதீர்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு டி.பி. வருவது சகஜம். மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நாள் பிடிக்கும், அதுவரை காய்ச்சல் வந்து வந்து போகும். லேபில் வளர்ந்ததைப் பற்றியும் கவலை வேண்டாம். சின்ன லேபுகளில் ரத்தம் எடுக்கும்போது தோலிலிருக்கும் கிருமி சேர்ந்துவிடுவது உண்டு. இந்த உடம்போடு அண்ணனை வேலூருக்கும் ஆரணிக்கும் அலைய வைக்காதீர்கள். மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. மண்ணிலிருந்து வரும் ஒரு காய்ச்சலைச் சீக்கிரமாகக் கண்டுபிடிக்க ஒரு சோதனைப் பட்டை செய்துகொண்டிருக்கிறோம் என்று சொன்னேனே, அது முடிகிற கட்டத்தில் இருக்கிறது. வளர வைத்த ரத்தத்தில் ஒரு சொட்டு வைத்தால் போதும், கால் மணி நேரத்தில் கோடு விழும். கடற்கரை மாவட்டங்களிலிருந்தெல்லாம் ரத்தம் வந்து குவிகிறது. ஜனவரியில் பெரிய கூட்டத்தில் நான்தான் பேசப் போகிறேன். அண்ணனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

நிலாவுக்கு என் முத்தம். ஜெபத்தில் நினைக்கிறேன்.

அன்புடன்,
லிடியா


டெல்லி,
21.11.2023

அன்புள்ள அண்ணிக்கு,

அடக்கம் முடிந்து நான் கிளம்பியபோது நீங்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதன் பிறகு போனையும் எடுப்பதில்லை. எடுக்க வேண்டாம். இதைப் படித்தால் போதும்.

அண்ணன் களத்தில் விழுந்த அன்று, என் பேச்சைத் தள்ளிவிட்டு நீங்களே ஆம்புலன்ஸ் பிடித்து வேலூருக்குக் கொண்டு போனீர்கள். அங்கே இரண்டாம் நாளே அது டி.பி. இல்லை, மெலியாய்டோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தில் வளர்ந்தது தோலில் இருந்த கிருமி அல்ல. அண்ணன் கால் புண்ணோடு நடவில் நின்றானே, அந்தச் சேற்றில் இருந்தது. ஆரணி லேபில் வளர்ந்ததும் அதேதான். சரியான ஊசியை அப்போதே போட்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பான். வேலூரில் ஊசி ஏற ஆரம்பித்தபோது அவன் சிறுநீரகம் நின்றுவிட்டிருந்தது.

அண்ணி, எட்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருக்கும் கிருமி அது. டி.பி. என்று தவறாக நினைத்து மருந்து கொடுக்காதீர்கள், லேபில் வளர்வதைக் குப்பை என்று தள்ளாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய் மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்கிறவள் நான். நீங்கள் எழுதியதில் எல்லாமே இருந்தது. நடவு, சர்க்கரை, இருமல், வளர்ந்த கிருமி. முன்பின் தெரியாத ஒருவர் எழுதியிருந்தால் உடனே போனை எடுத்திருப்பேன். எழுதியது என் அண்ணி, காய்ச்சல் என் அண்ணனுக்கு. அதனாலேயே அது சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். நம் ஏரிக்கரை என் ஆராய்ச்சிக்குள் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஜனவரிக் கூட்டத்துக்குப் போகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

லிடியா


முள்ளிப்பட்டு,
4.2.2024

லிடியாவுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது.

நிலா கம்ப்யூட்டரில் ஏதோ தேடி உங்கள் லேபின் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். வேலூரிலிருந்து வந்த நாற்பத்தாறு வயது விவசாயியின் கிருமியை எடுத்து வைத்திருப்பதாக அதில் இருக்கிறதாம். பெயர் போடவில்லை. ஆனால் அது அவள் அப்பா என்று அவளுக்குத் தெரியாதா? "அம்மா, அப்பாவைக் கொன்னது அத்தை லேபுல இன்னும் உயிரோட இருக்குதும்மா" என்று வந்து நின்றாள். அன்றைக்குச் சோறு பொங்கவில்லை.

நிஜமா? அவரை மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போனாய். அதை மட்டும் சோறு போட்டு வளர்த்துகினு இருக்கியா?

அதைக் கொன்றுவிடு. நான் உன்னிடம் இது வரைக்கும் எதையும் கேட்டதில்லை.

அமுதா


டெல்லி,
13.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நிஜம்தான். கடுங்குளிரில் உறைய வைத்திருக்கிறோம். தேவைப்படும்போது எடுத்து வளர்க்கிறோம். வேலூரிலிருந்து முறைப்படி அனுப்பினார்கள். உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தைரியம் வரவில்லை, நிலா வாயால் நீங்கள் கேட்கும்படி விட்டுவிட்டேன்.

நீங்கள் மறுபடி ஒரு முறை சொன்னால் அழித்துவிடுகிறேன். என் மேலதிகாரி ஏன் என்று கேட்பார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே என்னோடு வேலை செய்கிறவர்களைத் தவிர வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அந்தக் கிருமி வந்த அன்று நானே எங்கள் பட்டையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். கோடு விழவில்லை. வேறு பட்டை எடுத்தேன். அதிலும் விழவில்லை. ஒடிசாக் கிருமியைப் பிடிக்கிறது, கடற்கரைக் கிருமியைப் பிடிக்கிறது, நம் ஊர்க் கிருமியைப் பிடிக்கவில்லை. அதாவது, நான் அன்றே விழித்துக்கொண்டு என் பட்டையை அண்ணனுக்கு அனுப்பியிருந்தாலும், அது "இல்லை" என்றுதான் சொல்லியிருக்கும். நான் அதை நம்பியிருப்பேன்.

இதைத் தெரிந்துகொண்டு பட்டையை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. நிறுத்திவிட்டேன். எத்தனையோ பேரின் உழைப்பு அது. கூட வேலை செய்யும் அன்பழகன், "ஒரே ஒரு கிருமிக்காக எல்லாத்தையும் நிறுத்துவீங்களா மேடம்? மீதிப் பேரையாவது காப்பாத்தலாமே" என்று கத்தினார். அவர் சொல்வதும் தப்பில்லை. பட்டை தள்ளிப்போகும் நாட்களில் எங்கேயோ யாரோ சாவார்கள், அதுவும் என் தலையில்தான் விழும். ஆனால் பட்டை "இல்லை" என்று சொன்னதை நம்பி இன்னொரு வீட்டில் சும்மா இருந்துவிடுவார்களே அண்ணி.

பட்டையைத் திருத்த வேண்டுமென்றால் அந்தக் கிருமி வேண்டும். இந்த இடத்தில் முதலில் "அண்ணன் வேண்டும்" என்று எழுதிவிட்டு, பிறகு அடித்தேன். எனக்கு இரண்டும் குழம்பிப்போகிறது.

நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

லிடியா


முள்ளிப்பட்டு,
2.3.2024

லிடியாவுக்கு,

நிலாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பாதிக்கு மேல் அவளால் படிக்க முடியவில்லை. மீதியை நான் படித்தேன்.

உன் பட்டை அதைப் பிடிக்கிற வரைக்கும் வைத்துக்கொள். அது வரைக்கும் எனக்கு எழுதாதே.

அமுதா


டெல்லி,
18.8.2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி இது வரை எழுதவில்லை. இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன். கோடு விழுகிறது.

முதலில் மங்கலாக விழுந்தது. சாயம் பூசினாற்போல் ஒரு கீற்று. அன்பழகன் விழுகிறது என்றார், நான் இல்லை என்றேன். பட்டையில் தடவும் மருந்தை மாற்றினோம், மறுபடி மாற்றினோம். போன மாதம் யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி சிவப்பாக விழுந்தது. வேலூரிலும் பார்த்துவிட்டார்கள். இந்த மழைக்கு ஆரணி, செய்யாறு பக்கமும் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள்.

எல்லோரும் கை குலுக்கினார்கள். நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சந்தோஷப்படக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

சொன்ன வார்த்தை சொன்னதுதான். நீங்கள் எந்த நாள் சொல்கிறீர்களோ அன்றே அதை அழித்துவிடுகிறேன்.

லிடியா


முள்ளிப்பட்டு,
23.11.2025

லிடியாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாசம் ஆகிறது. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

பக்கத்து நிலத்து வேடியப்பனைத் தெரியும் இல்லையா? ஐப்பசி மழையில் அவனுக்கும் காய்ச்சல் வந்தது. அதே உதறல், அதே இருமல். டி.பி. என்று அவனுக்கும் சொல்லிவிட்டார்கள். அவன் பொண்டாட்டி ஸ்வர்ணலதா என்னிடம் வந்து, "அக்கா, மாத்திரை கொடுத்துட்டாங்க, சரியாப் பூடுமாம்" என்றாள். ஜல்தியாக ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு ரெண்டு பேரையும் ஏற்றிகினு ஆரணி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். "புதுசா ஒரு பட்டை வந்திருக்குதாமே, அதுல பாருங்க. பார்க்காம நாங்க போவமாட்டோம்" என்று நின்றேன். ரத்தத்தை வளர வைத்து, மறுநாள் அதில் ஒரு சொட்டு எடுத்து வைத்தார்கள். அந்த டாக்டரம்மா என்னையும் பார்க்கச் சொன்னாள். கோடு சிவப்பாக இருந்தது.

வேடியப்பன் இப்போது எழுந்து நடக்கிறான். மாத்திரை இன்னும் சாப்பிட்டுகினு இருக்கான்.

ஸ்வர்ணலதா வந்து என் கையைப் பிடித்துகினு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, லிடியா. ஆத்திரம்தான் வந்தது. உன் புருஷன் மட்டும் எப்படிப் பிழைச்சான் என்று உள்ளே கேட்டது. அவள் போன பிறகு எனக்கே அருவருப்பாகிவிட்டது. போன ஞாயிறு கோவிலுக்குப் போயும் நற்கருணை வாங்கவில்லை. பாஸ்டர் ஏன் என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

அதை அழிக்காதே. அது எத்தனை நாள் தேவையோ அத்தனை நாள் இருக்கட்டும். நிலாவிடமும் கேட்டேன், சரி என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு வா. கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், நீயும் நானும் அடிக்கலாம். பிறகு வீட்டில் சாப்பிடலாம். என்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவேன். அப்புறம் ரெண்டு பேருக்கும் சோறு இறங்காது.

உன் அண்ணி,
அமுதா