திருப்பிக் கேட்ட கேள்வி

ஒரகடம்
8.7.1991

அன்புள்ள லூர்து,

நலம். தாவீது அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

வகுத்தல் என்றாலே என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுகிறார்கள் என்றேனே. முந்தாநாள் பெட்டிக்கடையில் சோடா மூடிகளைக் கேட்டு வாங்கி, தரையில் வரிசைக்கு நாலாக மூன்று வரிசை அடுக்கினேன். "எத்தினி?" "பன்னெண்டு!" எல்லாவற்றையும் குவித்துவிட்டு, "இந்தப் பன்னெண்ட மூணு வரிசையா அடுக்கினா வரிசைக்கு எத்தினி?" என்றேன். மெர்சி சிரித்துவிட்டாள். "இன்னா டீச்சர், அதையே திருப்பிக் கேக்குறீங்க?" அப்படியே அவளை அள்ளிக்கொண்டேன். பெருக்கத் தெரிந்த பிள்ளைக்கு வகுக்கவும் தெரியும், லூர்து!

அன்றைக்கே ஆய்வுக்கு வந்த அதிகாரி, "வகுத்தல் அரையாண்டுக்கு மேல. புத்தகத்தத் தாண்டி வித்தையா காட்டுற?" என்று பிள்ளைகள் முன்னால் கத்தினார். மெமோவும் கொடுத்துவிட்டார். தாவீது அண்ணனைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர்தானே? ஒரு வார்த்தை சொல்லேன்.

உன்
அம்சவல்லி

ஸ்ரீபெரும்புதூர்
20.7.1991

அன்பு அம்சா,

எவ்வளவு அழகான யோசனையடி! இரண்டு தரம் படித்தேன். அவரிடம் பேச நேரம் வாய்க்கவில்லை. இப்போது பேசினால் எனக்கும் கெட்ட பெயர். கொஞ்ச நாள் அடங்கி இரு.

மீதி வருகிற கணக்கை எப்படிச் சொல்லித் தருகிறாய்? விவரமாக எழுது. குழந்தைக்குச் சளி குறைந்ததா?

அன்புடன்
லூர்தம்மாள்

வாலாஜாபாத்
16.9.1991

லூர்து,

பதிமூன்று மூடிகளை மூன்று வரிசையாக்கினால் வரிசைக்கு நாலு, கையில் ஒன்று மிஞ்சும். நாலை மூன்றால் பெருக்கி, மிஞ்சியதைக் கூட்டினால் பதிமூன்று திரும்ப வரும். கேட்டாய், எழுதிவிட்டேன்.

என்னை இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். கைக்குழந்தையோடு தினம் இரண்டு பஸ். ஒரு வார்த்தைதானே கேட்டேன்.

அம்சவல்லி

ஸ்ரீபெரும்புதூர்
5.11.1991

அன்பு அம்சா,

பெருக்கலையும் வகுத்தலையும் சேர்த்து நடத்துவது பற்றி ஆசிரியர்களுக்கு முகாமாம். அந்த அதிகாரிதான் என்னை நடத்தச் சொல்லிவிட்டார். உன் பெயரைச் சொல்லத்தான் நினைத்தேன். மெமோ வாங்கினவள் பெயர் எடுபடுமா, சொல்? பிள்ளைகளுக்கு நல்லதுதானே. கோபிக்காமல் வா.

லூர்தம்மாள்

வாலாஜாபாத்
2.12.1991

லூர்தம்மாளுக்கு,

முகாமில் என் வகுப்பில் நடந்ததை உன் வகுப்பில் நடந்ததாகச் சொன்னாய். என்னிடம் கத்தின மனிதர் கைதட்டினார். கடைசி பெஞ்சில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டேன்.

அதைக்கூட விழுங்கியிருப்பேன். பாஞ்சாலி டீச்சர் எழுந்து, "அஞ்ச சைபரால வகுத்தா இன்னா வரும்?" என்றார். யோசிக்காமல் "சைபர்" என்றாய். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். சைபரை எதால் பெருக்கினால் ஐந்து வரும்? எதாலும் வராது. அதனால் அந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. நான் அதை உனக்கு எழுதவில்லை, உனக்குத் தெரியவில்லை.

சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். பழகின தோஷம். இனி அத்தனை வகுப்புகளிலும் பிள்ளைகள் அந்தத் தப்பை மனப்பாடம் செய்வார்கள்.

சமாதானம் சொல்லி எனக்கு எழுதாதே. பிரிக்காமலே அடுப்பில் போடுவேன். அந்த டீச்சர்களுக்கு எழுது.

அம்சவல்லி