எடையில்லாத வண்டிக்கு டயர் வாங்கினேன்

தம்பி,

இன்று காலை மாடம்பாக்கத்தில், வீடுகள் இன்னும் வராத மனைப்பிரிவின் நீளமான தெருவில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், உன் மனைவி மலர், உன் மகள் நித்திலா, டயர் கடை பாய். ஓரமாக நனைந்துகொண்டு ஒரு மாடும் நின்றது. அதை நான் சேர்க்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு தடவை சோப்பு போட்டும் கையில் புது ரப்பர் வாசனை போகவில்லை. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. அதனால்தான் இந்த மடல்.

நீ போய் மூன்று வருடமாகிறது. உன் சிவப்பு வண்டி என் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம். லீவு நாளெல்லாம் உட்கார்ந்து நீ கட்டிய அந்த வண்டியை நித்திலா ஒரகடம் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்கிறாள். மலர் அந்த ஷெட் பக்கமே வருவதில்லை. சாவி என் பூஜை அறையில் இருந்தது. "டயரை மாத்துறேன். எனக்குத் திருப்தியானாத்தான் சாவி" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டேன். மலரும் அதற்கு ஒத்துக்கொண்டாள். என் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவள் அல்லவா, இந்த அண்ணி எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கைதான் பிறகு என்னைப் படுத்தியது.

நீ போட்டிருந்தவை பந்தயத் தடத்துக்கான டயர்கள். ராஜகீழ்ப்பாக்கம் கடையில் பாய் அதில் நகத்தை அழுத்திக் காட்டினார். "பாருங்கக்கா, கல்லு மாதிரி கீது. தண்ணி போறதுக்கு வெட்டும் இல்ல. மழைல இது ரோட்டுல ஓடாது, வழுக்கினு போவும்." பக்கவாட்டில் உள்ள நான்கு எண்ணைப் பார்த்து எந்த வாரம், எந்த வருடம் செய்த டயர் என்று கண்டுபிடிக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மிச்சத்தை நானே வீடியோ பார்த்துப் படித்துக்கொண்டேன். நோட்டில் ஒரு பக்கம் வெயில், எதிர்ப்பக்கம் மழை. சித்திரையில் கொதிக்கிற தார் ரோட்டையும் ஐப்பசித் தண்ணீரையும் ஒரே டயர் தாங்க வேண்டும் என்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தேன்.

நித்திலா அகலமான டயர் கேட்டாள். "அத்தை, அகலமா போட்டா செமயா இருக்கும்."

"செமயாத்தான் இருக்கும் பாப்பா," என்றார் பாய். "ஆனா எடையில்லாத வண்டி. தேங்கின தண்ணில அகலமா எது விழுந்தாலும் மிதக்கும். உங்கப்பா வண்டி என்ன படகா?"

அகலம் போயிற்று. கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று பாய் எடுத்துக் காட்டிய மிருதுவான கார் டயர், வெயில் மழை இரண்டுக்கும் ஆனது, நீர் வெளியேற ஆழமான வாய்க்கால்கள். இன்னொன்று சரக்கு வேனுக்குப் போடுகிற தடித்த டயர். எனக்கு அந்த இரண்டாவதின்மேல்தான் கண். பாத்திரம் வாங்கினாலும் அடிகனமாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தே பழகியவள் நான். பெண் குழந்தை ஓட்டப்போகிறாள், உறுதியானதாக இருக்கட்டுமே என்று தோன்றியது.

முடிவு வராமல் கோயிலில் போய்ப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ பாய் சொன்ன டயருக்கு, சிவப்பு வேன் டயருக்கு. பிராகாரத்தில் வந்த ஒரு அம்மாவை ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னேன். சிவப்பு வந்தது. நேரே கடைக்குப் போய், சாமி உத்தரவு என்று நின்றேன்.

பாய் சிரிக்கவில்லை. "சாமி சொன்னதுக்கு நான் எதிர்ப்பேச்சு பேசமாட்டேங்க்கா. ஆனா சாமி வண்டிய எடை போட்டுப் பாத்திருக்கமாட்டாரு."

"போடுங்க பாய், நான் பாத்துக்கறேன்," என்றேன். காற்றையும் எங்கள் பெரிய காருக்கு வைக்கிற அளவுக்கே வைக்கச் சொன்னேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சாவியைக் கொடுத்தேன்.

பத்தே நாள். முதல் மழை. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் நித்திலா பிரேக்கை மிதித்திருக்கிறாள். சக்கரம் நின்றிருக்கிறது, வண்டி நிற்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸுக்கும் வண்டிக்கும் ஒரு சாண் இடைவெளி. கடவுள் வைத்த சாண் அது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வெளிறிப்போய் வந்து என் வீட்டு வாசலில் உட்கார்ந்தாள். "அத்தை, அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். நான் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? டயர் என் முடிவு.

மலர் சத்தம் போடவில்லை. படப்பையில் ஒருவர் வண்டியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடலாம் என்றாள். "அவரத்தான் காப்பாத்த முடியல அண்ணி. இவளாவது எனக்கு வேணும்."

அன்று சுவாமி படத்தின் முன் உட்கார்ந்தும் மனம் நிலைகொள்ளவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. நான்தான் பாயிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கொண்டுபோனேன். அப்போது நீ என்னை அந்த வண்டியில் தேனுபுரீஸ்வரர் சந்நிதிக்கு அழைத்துப்போன காலை ஞாபகம் வந்தது. அர்ச்சனைக் கூடையை மடியில் இறுக்கிக்கொண்டு ஏறுமுன், டயரை அழுத்திப் பார்த்து உன்னைத் திட்டினேன்.

"ஏன்டா, காத்தே இல்லையே இதுல?"

"அதுக்கு அவ்ளோதான்க்கா வேணும். எடையே இல்லாதது, எல்லாத்தையும் கொஞ்சமாத்தான் கேக்கும்."

நான் விடவில்லை. பெட்ரோல் பங்கில் நிறுத்தி நிறைய அடிக்க வைத்தேன். நீ மறுபேச்சில்லாமல் அடித்தாய். கோயிலை நான் சுற்றி வருவதற்குள் குனிந்து உட்கார்ந்து நான்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டிருக்கிறாய். புஸ்ஸென்ற சத்தம் கேட்டு நான் வந்து பிடித்தபோது, "சாமிக்குத் தெரியும், உனக்குத்தான் தெரியாது" என்று பல்லைக் காட்டினாய். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. காரணம் என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது போய்ப் பாயிடம் கேட்டேன். டயர் வண்டியின் பாரத்தில் கொஞ்சம் அமுங்க வேண்டும், அமுங்கினால்தான் ரோட்டைப் பிடிக்கும் என்றார். வேன் டயரை அமுக்க உன் வண்டியால் ஆகாது. அதில் காற்றையும் நிரப்பினால் கட்டைவண்டிச் சக்கரம்தான். "அன்னிக்கே சொல்லியிருப்பேன், நீங்க சாமிய கூட்டினு வந்துட்டீங்க," என்றார். "நீங்க மொதல்ல சொன்னதையே போடுங்க பாய்," என்றேன். அந்த நான்கையும் ஒரு வேன்காரருக்குக் கொடுத்துவிட்டு, முதலில் எடுத்துக் காட்டியதையே போட்டார். மலரிடம் ஒரே ஒரு வாய்ப்பு கேட்டேன். அவள் கண் முன்னாலேயே நித்திலா மழையில் ஓட்டிக் காட்டட்டும். சரியில்லை என்று பட்டால் நானே படப்பைக்குப் பேசுகிறேன் என்றேன்.

அதற்காகத்தான் இன்று காலை போனோம். மழை விடாமல் பெய்தது. மின்கம்பத்துக்கு நேராக வந்ததும் பிரேக் போட வேண்டும். அதற்கப்பால் அறுபதடி அளந்து மலர் ஒரு பிளாஸ்டிக் குடத்தை நடுத்தெருவில் வைத்தாள். "இதத் தொட்டா வித்துடணும், அண்ணி."

முதலில் பாய் தானே ஓட்டி நிறுத்திக் காட்டினார். பிறகு நித்திலா. அவள் வருகிற வேகத்தைப் பார்த்து எனக்குப் பஞ்சாட்சரம்கூடப் பாதியில் நின்றுவிட்டது. கம்பம் வந்தது. தண்ணீர் இரண்டு பக்கமும் விசிறியடித்தது. வண்டி மூக்கைத் தாழ்த்தி, கோடு போட்டதுபோல நேராக வந்து நின்றது. குடம் அதற்கும் வெகு தூரத்தில் இருந்தது. மலர் மறுபடி ஓட்டச் சொன்னாள். மறுபடி நின்றது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய இடத்திலும் ஓட்டச் சொன்னாள். அங்கேயும் நின்றது.

மலர் போய்க் குடத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "படப்பைக்காரருக்கு வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள். பிறகு, நீ போன பின் முதல்முறையாக, உன் வண்டியின் கதவைத் திறந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மெதுவாப் போடி, தலைல தண்ணி கொட்டுது" என்று திட்டிக்கொண்டே போனாள். பாய் கடைக்குப் போய்விட்டார். நான் குடத்தோடு ஆட்டோவில் வந்தேன். வழியெல்லாம் அழுகை. துக்கமில்லை தம்பி, மூன்று வாரமாக நெஞ்சில் ஏறியிருந்தது இறங்கியது.

இப்போது என் கைப்பையில் விபூதிப் பொட்டலத்தோடு காற்று அளக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும், வண்டி கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து எழுதிவைக்கிறேன். பாய் சொன்ன அளவுதான். ஒரு புள்ளிகூட ஆசைப்பட்டுக் கூட்டுவதில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தீர்மானமாகவில்லை. உன் பழைய டயர் நான்கும் மாடியில் கிடக்கின்றன. மழைத் தண்ணீர் தேங்குகிறது, கொசுமருந்து அடிக்க வருகிறவர்கள் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். மலரைக் கேட்டால் உங்கள் இஷ்டம் என்கிறாள், நித்திலா பேச்சை மாற்றுகிறாள். பூக்கட்டிப் பார்க்கமாட்டேன். தூக்கிப் போட்டுவிடட்டுமா, வைத்துக்கொள்ளட்டுமா? கனவிலாவது வந்து, சீக்கிரம் சொல்.

உன் அக்கா