தண்ணீரைத் தொட்டுப் படகேறுகிறவன்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மூட்டுவலி மாத்திரை தீர்ந்துவிட்டது. தங்கச்சிமடத்தில் பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். சவேரியார் அண்ணன் இறந்த பிறகு அந்த வாசலை மிதிப்பதே அபூர்வமாகிவிட்டது. இன்று போனதற்குக் காரணம், அவன் மகன் டேவிட்ராஜ் விடுமுறையில் வந்திருக்கிறான். ராணுவத்தில் ஹவில்தார், இருபத்திரண்டு வருடம். பொறியாளர் படையில் படகு ஓட்டுகிறான். ஆறு குறுக்கிட்டால் ஆட்களை அக்கரை சேர்ப்பது, வெள்ளம் வந்தால் ஊர்க்காரர்களை மீட்பது.

சாப்பிடும்போது சம்பளப் பேச்சு வந்தது. புதிய ஊதியக் குழு பற்றித்தான் படை முழுக்கப் பேச்சாம்.

"தபால்காரருக்கு யூனியன் இருக்கு, ரயில்வேக்கு இருக்கு. அவங்க போயி குழு முன்னாடி உக்காந்து பேசலாம். நாங்க வாயத் தெறந்தா ஒழுங்கு மீறல். எங்களுக்கு என்ன வேணும்னு எங்களத் தவிர எல்லாருட்டயும் கேக்குறாங்க அத்தை."

அவன் மனைவி அனிட்டா மீனை வைத்துக்கொண்டே, "லீவுக்கு வந்தா இதே பாட்டுதான். இந்த அடுப்படிக்கு ஒரு குழு போடச் சொல்லுங்க, நானும் மனு கொடுக்கேன்" என்றாள். சிரித்தோம்.

இதைச் செய்தியாக எழுதலாமா என்று கேட்டேன். அவன் கையைக் கழுவப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 12

ஒப்புக்கொண்டான். மூன்று நிபந்தனைகள்: பெயர் கூடாது, படைப்பிரிவு கூடாது, ஊர் கூடாது. பணியில் இருப்பவன் பத்திரிகையிடம் பேசுவது குற்றம். நாயப் சுபேதார் பதவி உயர்வுப் பட்டியலில் அவன் பெயர் இருக்கிறது. கிடைத்தால் இன்னும் சில வருடம் பணியில் இருக்கலாம். இல்லையென்றால் இரண்டு வருடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மகள் ஷெரின் இப்போதுதான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள்.

இரண்டு மணி நேரம் பேசினான். அவன் சொன்னதில் ஒன்றை அப்படியே குறித்துக்கொள்கிறேன்:

"படகு இஞ்சின் ரிப்பேர் பாக்குறவனுக்கு டிப்ளமா இருக்கு. அதனால அவன் டெக்னிக்கல், தனிப்படி. கொடுக்கட்டும், நான் வேணாங்கல. வெள்ளத்துல அந்தப் படக ஓட்டுறவன் நான். நான் சும்மா ஆளு. கடல்ல பொறந்தவனுக்கு எந்தக் காலேஜுல சர்டிபிகேட் குடுப்பாங்க? இதத் தீர்மானிச்ச ஆளு ஒருநாளாவது படகுல ஏறியிருப்பாரா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

சாயங்காலம் தன் சித்தப்பா மகன் ஜெனிஷின் வள்ளத்தில் கடலுக்குக் கிளம்பினான். ஏறும் முன் குனிந்து தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். அண்ணன் செய்வது அப்படியே. கங்கை, பிரம்மபுத்திரா, எந்தத் தண்ணீரிலும் இப்படித்தான் ஏறுவேன் என்றான்.

ஆகஸ்ட் 13

மாத்திரை வாங்கினேன். உச்சிப்புளி அருகே பேருந்து பழுது. ஒன்றரை மணி நேரம்.

ஆகஸ்ட் 20

கட்டுரையை அனுப்பினேன். டேவிட்ராஜ் திங்கட்கிழமையே பணிக்குத் திரும்பிவிட்டான். போகும்போது, "அச்சுக்குப் போறதுக்கு முன்ன ஒருதரம் படிச்சுக் காட்டுவீங்களா அத்தை" என்று கேட்டான். அது வழக்கமில்லை என்றேன். முப்பத்தொரு வருடத்தில் யாருக்கும் காட்டியதில்லை. சரி என்றான். அதற்கு மேல் கேட்கவில்லை.

மதியம் மதுரை அலுவலகத்திலிருந்து துணை ஆசிரியர் மர்வா பேசினாள். "அக்கா, விஷயம் நல்லாருக்கு. ஆனா ஆளே தெரியல. பேரும் இல்ல, ஊரும் இல்ல, காத்தோட பேசுன மாதிரி இருக்கு. ஒரு அசைவு கொடுங்களேன்."

ஒரு மனிதன் கண்முன் நிற்க ஒரு செய்கை போதும். புதிதாக வருகிற நிருபர்களுக்கு நான் சொல்கிற பாடம் அது. ஒரு வரி சேர்த்தேன்: 'எந்த ஆற்றில் படகேறினாலும் முதலில் குனிந்து தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை இட்டுக்கொள்கிறவர் அவர்.'

"இதுதான் அக்கா வேணும்" என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடுப்பக்கத்தில் வந்திருக்கிறது. ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை. அந்த வரியைத் தனியாக எடுத்துப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டியிருக்கிறார்கள். நிபந்தனைகள் மூன்றையும் இன்னொரு முறை சரிபார்த்தேன். பெயர் இல்லை. பிரிவு இல்லை. ஊர் இல்லை.

அபிராமத்திலிருந்து ஓய்வுபெற்ற சுபேதார் கூத்தையா அலைபேசியில் வந்தார். "இருபத்தெட்டு வருசம் நெஞ்சுக்குள்ள கெடந்தத எடுத்து வச்சுட்டீகம்மா" என்றார். சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன்.

செப்டம்பர் 3, புதன்

அனிட்டா அழைத்தாள். அவள் பேசியது எனக்கு முதலில் புரியவில்லை.

டேவிட்ராஜின் படைக் கம்பெனியில் எழுத்தராக இருக்கும் தூத்துக்குடிப் பையன் சூர்யா கட்டுரையைப் படித்திருக்கிறான். தண்ணீரைத் தொடும் வரியைப் பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கமாம். படகில் ஏறும்போதெல்லாம் கேலி செய்வார்களாம், 'ஃபாதர் வந்துட்டார், கிளம்பலாம்' என்று. பெருமை தாங்காமல், 'நம்ம ஃபாதர் பேப்பர்ல' என்று எழுதி வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். அங்கிருந்து மொழிபெயர்ப்பாகி மேலே போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை விசாரணை.

"பேரு போடல, ஊரு போடலன்னு சந்தோசப்பட்டுச்சு அந்த மனுசன்" என்றாள். வைத்துவிட்டாள்.

பெயரைவிட அந்த ஒரு வரி— எனக்கு எப்படித் தோணாமப் போச்சு? அந்த வரிய எழுதும்போது அவன் முகத்த நினைச்சேனா, வரிய நினைச்சேனா?

செப்டம்பர் 4, வியாழன்

காலை பத்து மணிக்கு அவனுடைய கமாண்டிங் அதிகாரிக்கு, சி.ஓ.வுக்கு, ஒரு கடிதம் எழுதி முடித்தேன். ஆங்கிலத்தில், ஒரு பக்கம். கட்டுரையில் வரும் மனிதர் பல முன்னாள் வீரர்களின் பேச்சைச் சேர்த்து நான் உருவாக்கியவர். தண்ணீரைத் தொடும் பழக்கம் இந்தக் கரையில் பொதுவானது, என் கற்பனையில் சேர்த்தது. பணியில் உள்ள எவரும் என்னிடம் பேசவில்லை.

அத்தனையும் பொய். ஆனால் அவனைக் காப்பாற்றக்கூடிய பொய். இதை அனுப்பினால் என் பத்திரிகைக்குத் தெரிய வரும். இல்லாத ஆளை இருப்பதாக எழுதியவள் என்று பெயர் வரும். அதோடு என் வேலை முடிந்தது.

மின்னஞ்சலில் வரைவாகக் கிடக்கிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம். நான்கு பக்கம் குறிப்பெடுத்தேன். இரண்டு முறை அலைபேசியை எடுத்து வரைவைத் திறந்தேன். ஒரு கமாவைத் திருத்தினேன்.

அவர்களால் நிரூபிக்க முடியாமலும் போகலாம் அல்லவா.

செப்டம்பர் 6, சனி

காலை எட்டு மணிக்கு டேவிட்ராஜ் அலைபேசியில் அழைத்தான்.

"நேத்து கேட்டாங்க அத்தை. ஆமான்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா சொன்ன?"

"கம்பெனியில தண்ணியத் தொட்டு ஏறுறவன் நான் ஒருத்தன்தான். மறுத்தாலும் நிக்காது. சூர்யாவையும் சேத்து இழுப்பாங்க, பாவம். பிள்ளைக்குப் போன மாசந்தான் கல்யாணம் ஆச்சு." பிறகு, "பேப்பர்க்காரவுக எனக்கு அத்தைன்னு சொல்லல. கவலப்படாதீங்க."

கவலப்படாதீங்க என்கிறான், என்னிடம்.

கேட்டேன், கட்டுரை கற்பனை என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால்?

"முந்தின நாளு வந்திருந்தா சி.ஓ. அத வச்சே மூடியிருப்பாரு. அவருக்கும் இதுல இஷ்டமில்ல. விடுங்க, யாரு எழுதப்போறா."

நான் சொல்லவில்லை. நாற்பத்தாறு மணி நேரம் அந்தக் கடிதம் என்னிடம் இருந்தது. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 19

வரைவை அழித்தேன்.

அக்டோபர் 14

முடிவு வந்துவிட்டது. கடும் கண்டனம். சேவைப் புத்தகத்தில் சிவப்பு மையில் பதிவு. நாயப் சுபேதார் பட்டியலில் அவன் பெயர் இல்லை. அவனுக்கு அடுத்த இடத்தில் இருந்தவருக்குப் போய்விட்டது. இரண்டு வருடத்தில் ஓய்வு.

அனிட்டா குறுஞ்செய்தியாக அனுப்பினாள். 'ரெட் இங்க் போட்டுட்டாங்க' என்ற மூன்று சொல் மட்டும். பதில் எழுதி எழுதி அழித்தேன்.

நவம்பர் 11

ஆசிரியர் பேசினார். ஊதியக் குழு பற்றி மறுபடி எழுத வேண்டுமாம். "அந்தப் படகுக்காரரையே பிடிங்க. வாசகர்கள் கேக்குறாங்க, அவர் எப்படி இருக்கார்னு."

அவர் பேச மாட்டார் என்றேன். ஏன் என்றார். தெரியாது என்றேன். முதல்முறையாக ஆசிரியரிடம் பொய் சொன்னேன். எவ்வளவு சுலபமாக வருகிறது.

டிசம்பர் 24

டேவிட்ராஜ் வந்துவிட்டான். நான் போகவில்லை. ஷெரின் கேக்கோடு வந்தாள். "அப்பா உங்களத்தான் கேட்டாங்க. சனிக்கிழமை வாங்க, ஜெனிஷ் சித்தப்பா வள்ளத்துல போறோம்."

டிசம்பர் 27, சனி

போனேன். மெலிந்திருக்கிறான். எப்போதும்போல வாங்கத்தை என்றான். வேலை பற்றி அவன் எடுக்கவில்லை, நான் கேட்கவில்லை. அனிட்டா தேநீர் கொடுத்தாள். சீனி எவ்வளவு என்று முன்பு கேட்கமாட்டாள், அவளுக்கே தெரியும். இன்று கேட்டாள்.

மூன்று மணிக்கு எல்லோரும் கரைக்கு நடந்தோம். மணலில் என் முட்டி வலிப்பதைப் பார்த்து என் தோள்பையை வாங்கிக்கொண்டான். வள்ளம் முழங்கால் ஆழத்தில் நின்றது. ஜெனிஷ் ஏற்கெனவே ஏறி இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டேவிட்ராஜ் பையை அனிட்டாவிடம் கொடுத்தான். வேட்டியை மடித்துக் கட்டினான். நேராக நடந்து போய், விளிம்பைப் பிடித்து ஒரே தாவில் ஏறிவிட்டான்.

ஜெனிஷ் திரும்பிப் பார்த்தான். "ஏலே, தண்ணியத் தொடாம ஏறிட்ட?"

"எடு, நேரமாச்சு" என்றான்.

அனிட்டா என்னைப் பார்க்கவில்லை. வள்ளம் திரும்பும்போது அவன் எனக்குக் கையசைத்தான். உள்ளங்கை காய்ந்துதான் இருந்தது.